நீ சும்மா உட்காரும்மா!

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் இருக்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான குசல விசாரிப்பு முடிந்ததும் அவன் குரல் மாறியது. "அப்பா, இனிமே நீங்க பால் வாங்கக் கீழே இறங்க வேண்டாம். காய்கறிக்கும் போக வேண்டாம். போன்ல சொன்னா எல்லாம் வீட்டுக்கே வந்துடும். நீங்க சும்மா இருங்கப்பா, அது போதும்" என்றான். பத்து நாள் முன்பு நான் மாடிப்படியின் கடைசிப் படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்ட செய்தியை என் மனைவி அவனிடம் சொல்லியிருக்கிறாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, இரண்டு நாள் வலி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவன் சொன்னதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தைகளை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் என் தாயாரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் பலனையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் பெரும்பாலும் இன்று ஒரு அம்மாவோ, அப்பாவோ, மாமியாரோ இருக்கிறார்கள். பல வீடுகளில் என்னைப் போல வீட்டுக்காரரே அந்த வயதை எட்டிவிட்டார். ஆகவே சொந்தக் கதையானாலும் சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் காலமானபின், 1998-இல் அம்மாவை மாயவரத்திலிருந்து இங்கே அழைத்து வந்தேன். அப்போது அம்மாவுக்கு வயது 67. ஊரில் அம்மாவின் நாள் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் ஆரம்பிக்கும். குனிந்து, நிமிர்ந்து, பின்னால் நகர்ந்து, மறுபடி குனிந்து புள்ளி வைப்பார். கொல்லைக்கும் வாசலுக்கும் நாளைக்கு ஐம்பது நடை. கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர். சாப்பிடுவது, காய் நறுக்குவது, அரிசி பொறுக்குவது எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். சாயங்காலம் மாயூரநாதர் கோயிலுக்கு நடந்து போய் வருவார். அம்மா உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் கால்கள் உறுதியாக இருந்தன.

ஆர்.கே. புரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வந்த முதல் வாரமே அம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்தார். என் மனைவி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, அதெல்லாம் வேலைக்காரி செய்வா. நீங்க உட்காருங்க" என்றாள். காய் நறுக்கத் தரையில் உட்கார்ந்தால், "அம்மா, குளிர்ந்த தரையிலே உட்காராதே, சோபாவிலே உட்கார்" என்றேன் நான். "சும்மா உட்காரச் சொன்னா எப்படிடா? எனக்கு என்ன வியாதியா?" என்று அம்மா கேட்டார். "இத்தனை வருஷம் உழைச்சது போதும், நீ சும்மா உட்காரும்மா" என்று நான் பெருமையோடு சொன்னேன். அம்மாவை வைத்துத் தாங்குகிறோம் என்று அக்கம்பக்கத்தில் எங்களுக்கு நல்ல பெயர்.

நாலு வருஷத்தில் அம்மாவின் நடை மாறியது. நாற்காலியின் கையை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டுதான் எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். மலை மந்திருக்குப் போய்ச் சுவாமிமலை முருகனைக் கும்பிட வேண்டும் என்று கேட்பார். "அத்தனை படி உன்னால் முடியாதும்மா" என்று தள்ளிப்போட்டேன். வயது ஆகிறதல்லவா என்று நினைத்துக்கொண்டோம். 2003 ஜனவரியில் ஒரு பனி மூடிய விடியற்காலை, அம்மா குளியலறையில் விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள். கதவு உட்பக்கம் திறப்பது. அம்மா விழுந்து கிடந்த இடமோ கதவின் பின்னால். கதவைத் திறக்கவும் முடியவில்லை, தள்ளவும் பயம். தச்சரை அழைத்து வந்து கதவைக் கழற்றி அம்மாவை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் அம்மா அதன் பிறகு தனியாக நடக்கவில்லை. படுக்கை, நெஞ்சில் சளி, மறுபடி ஆஸ்பத்திரி என்று ஏழு மாதம். ஆகஸ்டில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்தபின் கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு விஷயம் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அம்மா இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒரு முறை படிக்கட்டில், ஒரு முறை காய்கறிக்காரன் வண்டி அருகே. தூக்கிவிட்ட அந்த அம்மாளிடம் சைகையாலேயே, "பையனிடம் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாராம். ஹிந்தி தெரியாத அம்மா அந்த ஒன்றை மட்டும் எப்படியோ புரியவைத்திருக்கிறார். சொன்னால் கீழே இறங்குவதையும் நிறுத்திவிடுவோம் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. நான் நிறுத்தித்தான் இருப்பேன்.

விழுவது என்பது ஏழை, பணக்காரர், பெரிய மனிதர், சாமானியர் பார்த்து வருவதில்லை. முன்னாள் மத்திய அமைச்சர் ஜஸ்வந்த் சிங் 2014 ஆகஸ்டில் டில்லியில் தம் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டுக் கோமாவில் ஆழ்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2020 செப்டம்பரில் மறைந்தார். முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2020 ஆகஸ்டில் ராஜாஜி மார்க் இல்லத்தில் விழுந்தார். மூளையில் கட்டிய ரத்தத்தை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. கோவிட் தொற்றும் சேர்ந்துகொள்ள, அந்த மாதக் கடைசியில் காலமானார். வேலையாட்களும் வைத்தியர்களும் சூழ இருந்தவர்களுக்கே இந்தக் கதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நம்மைப் போன்ற, வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்து ராணியின் தாயார் 1998-இல், 97-ஆம் வயதில், விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்து நடமாடி 101 வயது வரை வாழ்ந்தார். தெலங்கானாவின் முன்னாள் முதல்வர் சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் பண்ணை வீட்டில் விழுந்தார். இடுப்பு மூட்டு மாற்றியபின் சில மாதங்களிலேயே தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆக, விழுந்தால் எல்லாம் முடிந்தது என்பதில்லை. சீக்கிரம் சிகிச்சை செய்து, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பதில் இருக்கிறது விஷயம்.

உட்கார வைத்தால் என்ன ஆகிறது?

நாம் நேராக நிற்பதற்கு மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கண் ஒன்று. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று. மூன்றாவது பாதமும் மூட்டுகளும். தரை எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதாம். மூளை இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்கு உத்தரவு போடுகிறது. கால் இடறும்போது ஒரு நொடிக்குள் அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிக்கிறோமே, அதுதான் இந்த ஏற்பாட்டின் பரீட்சை. வயதாக ஆகக் கண் மங்குகிறது. காதின் உறுப்பு தேய்கிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு (நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு ஏது?) பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. உத்தரவு சரியாக வந்தாலும் அதை நிறைவேற்றத் தொடையில் தசை வேண்டும்.

அந்தத் தசை எவ்வளவு வேகமாகக் கரையும் தெரியுமா? அமெரிக்க மருத்துவர்கள் 2007-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். சராசரி வயது 67 உள்ள, நோய்நொடியற்ற சுமார் ஒரு டஜன் பேரைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. சோபாவும் படுக்கையும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் நாங்கள் அம்மாவை உட்கார வைத்தது பத்து நாள் அல்ல, ஐந்து வருஷம்.

இதில் டில்லிக்கென்று சில கூடுதல் கஷ்டங்கள் உண்டு. நம்மவர்கள் பலர் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்று, நான்கு மாடி டி.டி.ஏ. ஃப்ளாட்டுகளிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும். ஒரு முறை இறங்க யோசித்தவர்கள் பிறகு இறங்குவதே இல்லை. குளிர்காலத்தில் பனியும் புகையும் சேர்ந்து இரண்டு மாதம் வெளியே விடுவதில்லை. காலில் கம்பளி சாக்ஸ், கீழே வழவழவென்று மொசைக் தரை. ரஜாயின் கதகதப்பிலிருந்து இரவு மூன்று முறை கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்கிறது. கோடையிலோ, கூலரிலிருந்து சொட்டிய தண்ணீர் அறை முழுக்க. ஊரில் திண்ணையில் உட்கார்ந்தாலே வெயில் படும். இங்கே ஜன்னலுக்குத் திரை. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே டில்லிவாசிகளைப் பரிசோதித்து, ஆரோக்கியமாகத் தோன்றுபவர்களிடமும் வைட்டமின் டி மிகக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். எலும்பு உறுதியாக இருக்க அது தேவை.

உடனே மாத்திரை வாங்க ஓட வேண்டாம். குறைபாடு இருக்கிறதா என்று பார்த்து டாக்டர் கொடுத்தால் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் அந்த மாத்திரை விழுவதைத் தடுக்காது. குறைபாடோ எலும்புத் தேய்வோ இல்லாத முதியவர்களுக்கு, விழாமல் இருப்பதற்காக வைட்டமின் டி தர வேண்டாம் என்றே அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2018-இல் சொல்லிவிட்டது. அதே குழு சிபாரிசு செய்தது உடற்பயிற்சியை.

அடிப்பிரதட்சணமும் தோப்புக்கரணமும்

உடற்பயிற்சி என்றால் எது? நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 1990-களில் ஒரு முறையை வகுத்தார்கள். எண்பது வயதைக் கடந்த பெண்மணிகளின் வீட்டுக்கே பயிற்சியாளர் சில தடவை போய், கால் தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர்களே வாரத்தில் மூன்று நாள் செய்தார்கள். தொடர்ந்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உலகெங்கும் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய ஆய்வுகளை 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 23,000-க்கும் அதிகமான முதியவர்கள் சம்பந்தப்பட்ட அந்தக் கணக்கிலும், பயிற்சி செய்தவர்கள் விழுவது நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. எந்த மாத்திரையும் இந்த அளவுக்கு உதவியதாக நான் படிக்கவில்லை.

அந்தப் பயிற்சிகளின் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றில், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, கயிற்றின் மேல் நடப்பதுபோல் நடக்கச் சொல்கிறார்கள். இது நம் அடிப்பிரதட்சணமல்லவா? அம்மா எனக்குப் பரீட்சை வந்தபோதெல்லாம் வேண்டிக்கொண்டு செய்தது! இன்னொன்றில், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்கி மறுபடி எழச் சொல்கிறார்கள். பிள்ளையார் முன்னால் நாம் போடும் தோப்புக்கரணத்தில் பாதி அது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, நுனிக்காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது இவையெல்லாம் மீதி.

சமையலறை மேடை இதற்கு நல்ல இடம். இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு, பால் பொங்கும் நேரத்தில் பத்து முறை நுனிக்காலில் எழுந்து இறங்கலாம். பழகியபின் ஒரு கை. பிறகு இரண்டு விரல். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி தூரம் இறங்கினால் போதும். முதலில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இதய நோயோ, தலைசுற்றலோ, சமீபத்தில் அறுவை சிகிச்சையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். தள்ளாடும் முதியவரை முதல் நாளே வேகமாக நடக்கச் சொல்லி அனுப்புவதும் தவறு. கால் உறுதியும் சமநிலையும் வந்தபின்தான் நீண்ட நடை.

நம் நிலை என்ன என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எழுபது முதல் எழுபத்துநாலு வயதுள்ள ஆண்கள் பன்னிரண்டுக்குக் குறைந்தாலும், பெண்கள் பத்துக்குக் குறைந்தாலும் கால்களில் வலு போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு பரீட்சை: நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் இன்னும் எளிதான ஒன்றைக் கண்டார்கள். நடந்துகொண்டிருக்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது, பதில் சொல்ல நடையை நிறுத்திவிடுகிறவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகமாம். அம்மா அப்படித்தான் நின்று நின்று பேசுவார். மரியாதைக்காக நிற்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டையும் கொஞ்சம் மாற்றுவோம்

குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி இரண்டு போதும். கழிப்பறை அருகே ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. துண்டு போடும் கம்பியை நம்பிப் பிடிக்கக் கூடாது. அது நம் எடையைத் தாங்காது. குனிந்து வாளியிலிருந்து மொண்டு குளிப்பவர்களுக்கு வழுக்காத கால்களுள்ள முக்காலி ஒன்று. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை வையுங்கள். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அந்தக் கதவை மாற்றத் தச்சருக்கு அரை நாள் கூலிதான் ஆகியிருக்கும்.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு. மடங்கிக் கிடக்கும் கால்மிதிகளைத் தூக்கி எறிந்துவிடலாம். வீட்டுக்குள் குதிகாலைப் பிடிக்காத ரப்பர் செருப்பும் வேண்டாம், வெறும் சாக்ஸும் வேண்டாம். பின்பக்கம் மூடிய, வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி நல்லது. வேஷ்டி, நைட்டி தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தினமும் எடுக்கும் டப்பாக்களைக் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். அறுபது வயதுக்கு மேல் ஸ்டூலில் ஏறிப் பரணில் கை வைப்பதில்லை என்று ஒரு விரதமே எடுத்துக்கொள்ளலாம்.

மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள். தூக்க மாத்திரை, சில ஜலதோஷ மாத்திரைகள், ரத்த அழுத்த மருந்துகள் எல்லாம் தலைசுற்றலையோ மயக்கத்தையோ உண்டாக்கலாம். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, "இத்தனையும் வேண்டுமா?" என்று கேட்கலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு நிற்பது நல்லது. கண்ணில் புரை விழுந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை என்றுள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால் படியின் விளிம்பு மங்கித் தெரியும். வெளியே போகத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றுகிறதென்றால் அதை வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது. காதின் உள்ளே துகள் நகர்வதால் வரும் ஒரு வகைத் தலைசுற்றலை, டாக்டர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே சரிசெய்துவிடுகிறார்.

முதியோர் மருத்துவம் நமக்கு அந்நியமான சங்கதியும் அல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் இதற்கென மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. இங்கே எய்ம்ஸிலும் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே பெற்றோரை அழைத்துப் போயிருக்கிறோம்? விழுந்து எலும்பு முறிந்தபின் எலும்பு டாக்டரிடம் போகத்தான் தெரிகிறது.

ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள்

"சரி சார், நடக்கச் சொல்லி, வேலை செய்யச் சொல்லி, அதனால் விழுந்துவிட்டால்? நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போகிறவர்கள். யார் பார்த்துக்கொள்வது?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. நடமாடும் ஒருவர் விழவே மாட்டார் என்று யாரும் எழுதித்தர முடியாது. ஆனால் உட்கார வைத்தால் விழமாட்டார் என்பதுதான் பெரிய ஏமாற்று. எப்படியும் கழிப்பறைக்கு எழுந்துதான் ஆக வேண்டும். அப்போது கால் இருக்காது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடப்பதைக் குறைத்து, குறைத்ததனாலேயே தளர்ந்து விழுபவர்கள் அநேகம். அந்தப் பயத்தை நாமே பெற்றவர்களுக்கு ஊட்டுகிறோம். "பார்த்து, பார்த்து" என்று நாள் முழுக்கச் சொல்கிற நாம், "வாங்க, சேர்ந்து பத்து நிமிஷம் நடக்கலாம்" என்று ஒரு நாள் சொல்வதில்லை.

வேலை என்பது உடம்புக்கு மட்டும் அல்ல. மொழி தெரியாத ஊரில், வயதான ஒருவருக்கு இந்த வீட்டில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்ற நினைப்பைக் கொடுப்பது அவர் செய்யும் வேலைதான். துடைப்பத்தைப் பிடுங்கியபோது அம்மாவின் கையிலிருந்து என் மனைவியும் நானும் பிடுங்கியது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கொடியில் துணி உலர்த்துவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் நாலு இழைக் கோலம் இவற்றை விட்டுக்கொடுங்கள். விழுந்தால் திட்டமாட்டோம், வெளியே போவதை நிறுத்தமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போதுதான் முதல் தடவை விழுந்த செய்தி நம் காதுக்கு வரும். முதல் தடவை தெரிந்தால் இரண்டாவதைத் தடுக்க வழி உண்டு.

நம் சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள். நம் விழாக்களில் அரங்க வாசலில் செருப்பைக் கழற்ற முதியவர்கள் ஒற்றைக் காலில் நின்று, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துத் தடுமாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே நாலு நாற்காலி போடக் கூடாதா? நிகழ்ச்சி நடக்கும்போது அரங்கை இருட்டாக்கினாலும் படிகளில் சிறு விளக்காவது எரியட்டும். மற்றொன்று, மாதக் கூட்டத்துக்கு அரை மணி முன்னதாக, ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து, விரும்பும் முதியவர்களுக்கு இந்தப் பயிற்சிகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். இந்த நகரில் தமிழில் உடம்பைப் பற்றிப் பேசக் கேட்பதே பலருக்குப் பாதி மருந்து. பாட்டுக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற நாம் இதற்கும் கூடலாம். செலவு நாலு நாற்காலியும் ஒரு குவளைக் காப்பியும்தான்.

என் மகனுக்கு அடுத்த ஞாயிறு நானே போன் செய்தேன். பாட்டி விழுந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன்; அவனுக்குத் தெரியாத கதை முழுவதையும் சொன்னேன். பிறகு, "பால் வாங்க நான்தான் இறங்குவேன். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு, சரியான செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குவேன். தினம் காலையில் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அரைத் தோப்புக்கரணம் பதினைந்து போடுகிறேன். விழுந்தால் உன்னிடம் மறைக்கமாட்டேன். நீயும் என்னைச் சும்மா இரு என்று சொல்லக்கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிப்பா. பாத்ரூம் கதவை மாத்தியாச்சா?" என்று கேட்டான்.

மாற்றியாயிற்று. உங்கள் வீட்டுக் கதவையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை பாருங்கள்.